பழைய சுவரும் புது ஆபீஸும்: லண்டன் கிங்ஸ் கிராஸ் பற்றிய கேள்விகளும் பதில்களும்

லண்டனில் 18 வருஷமாகப் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் வேலையில் கட்டமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். பழைய கட்டடங்களையும் புது அலுவலகங்களையும் ஒரே இடத்தில் சேர்த்து எழுப்பிய கிங்ஸ் கிராஸ் பகுதியைப் பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்தன. அந்தத் திட்டத்தில் நான் வேலை பார்த்ததில்லை. ஆனால் மண்ணும் புழுதியுமாகக் கிடந்த நாளிலிருந்து அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பிரவீன், கோயம்புத்தூர்: அக்கா, நான் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் வருடம். கிங்ஸ் கிராஸ் என்றாலே கூகுள் அலுவலகம்தான் படத்தில் வருகிறது. அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது?

சரக்கு இறங்கும் இடமாக இருந்தது தம்பி. கிங்ஸ் கிராஸ், செயின்ட் பாங்க்ரஸ் என்று இரண்டு பெரிய ரயில் நிலையங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு வடக்கே சுமார் 67 ஏக்கர். நடுவில் ரீஜண்ட்ஸ் கால்வாய் ஓடுகிறது. 1850-களில் வட இங்கிலாந்திலிருந்து நிலக்கரியும், லிங்கன்ஷயரிலிருந்து கோதுமையும் ரயிலில் வந்து இங்கேதான் இறங்கும். லண்டன் வீடுகளின் அடுப்புக்கும் ரொட்டிக் கடைகளுக்கும் இங்கிருந்துதான் போகும்.

கோதுமை வைக்க 1852-இல் கட்டியது கிரானரி, அதாவது தானியக் களஞ்சியம். கிங்ஸ் கிராஸ் நிலையத்தை வடிவமைத்த லூயிஸ் கியூபிட்தான் இதையும் வடிவமைத்தார். ஆறு மாடி, மஞ்சள் செங்கல், சின்னச் சின்ன ஜன்னல், ஒரு அலங்காரம் கிடையாது. முன்னால் இப்போது தண்ணீர் பீச்சியடிக்கும் சதுக்கம் இருக்கிறதே, அங்கே அப்போது படகுகள் வந்து நிற்கும் நீர்த்துறை இருந்தது. படகு கட்டடத்துக்கு அடியிலேயே நுழைந்துவிடும். மூட்டையை மேலிருந்து நேராகப் படகுக்குள் இறக்குவார்கள். ரயில், படகு, குதிரை வண்டி மூன்றும் ஒரே கூரையின் கீழ். அந்தக் காலத்தில் அப்படி யோசித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும்.

பிறகு லாரி வந்தது, வீடுகளில் நிலக்கரி எரிப்பது குறைந்தது, சரக்கு வேலை படுத்துவிட்டது. 1980-களின் கடைசியில் கட்டடக்கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் போட்ட பெரிய வரைபடம் ஒன்று இருந்தது. நிலச் சந்தை சரிந்ததும் அது நின்றுபோனது. உண்மையான திருப்பம், சேனல் சுரங்கம் வழியாக வரும் ஐரோப்பிய ரயிலைச் செயின்ட் பாங்க்ரஸுக்குக் கொண்டுவர முடிவு செய்ததுதான். 2007 நவம்பரில் ரயில் வந்தது. அதற்கு முந்தைய வருடம் டிசம்பரில் கேம்டன் நகராட்சி இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

சுந்தர், சென்னை: ரியல் எஸ்டேட் நிதித் துறையில் இருக்கிறேன். பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதில் லாபம் வராது என்பதுதான் நான் பார்த்த கணக்கு. அங்கே யார் பணம் போட்டார்கள்?

நீங்கள் பார்த்த கணக்கு தப்பில்லை. பழைய கட்டடத்தைத் தனியாக எடுத்துக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் நஷ்டம்தான் வரும். இங்கிலாந்தில் வரியும் அதற்கு எதிராகவே இருக்கிறது. புது வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி இல்லை. பழைய வீட்டைப் பழுது பார்த்தால் பொதுவாக 20 சதவீதம். இது மாற வேண்டும் என்று எங்கள் தொழிலில் உள்ளவர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதனால் கிங்ஸ் கிராஸில் தனித்தனியாகக் கணக்குப் போடவில்லை. 67 ஏக்கருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. ஆர்ஜென்ட் என்ற கட்டுமான நிறுவனத்துக்குப் பாதிப் பங்கு. நிலம் வைத்திருந்த அரசு ரயில் நிறுவனத்துக்கு 36.5 சதவீதம். மீதி 13.5 சதவீதம் சரக்கு நிறுவனமான டிஎச்எல்லுக்கு. நிலத்துக்காரரும் கட்டுபவரும் ஒரே படகில் உட்கார்ந்ததால், நிலத்தை விற்றுவிட்டு ஓடும் அவசரம் யாருக்கும் இல்லை. 2008-இல் உலகமே பணத்துக்குத் திண்டாடியபோதும் வேலை நகர்ந்தது. அரசு தன் பங்கை 2016-இல்தான் விற்றது. ஆஸ்திரேலியன் சூப்பர் என்ற ஓய்வூதிய நிதியம் 37 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. முதலிலேயே வெறும் நிலமாக விற்றிருந்தால் அந்தத் தொகையை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அனுமதி கொடுத்த தளப் பரப்பில் பாதிக்கும் மேல் அலுவலகம். வாடகை அங்கிருந்துதான் வருகிறது. அந்த வாடகையை உயர்த்துவது எது? சுற்றி இருக்கும் பழைய சுவர்கள்தான். கண்ணாடிக் கட்டடம் உலகில் எந்த ஊரிலும் கிடைக்கும். 1852-இல் கட்டிய களஞ்சியத்தின் எதிரே உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட எத்தனை ஊரில் முடியும்? ஒன்று மற்றொன்றுக்குச் சோறு போடுகிறது. இந்த உறவைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் பழையதைச் சுமை என்று நினைக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் மனதில் இதுதான் முதல் பாடம். அலுவலகங்களுக்கு முன்பே கிரானரிக்கு ஆள் பிடித்தார்கள். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி 2011-இல் குடிவந்தது. சுற்றிலும் கிரேன்களும் சேறும்தான். அதற்கு நடுவில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு தினமும் நடந்து வந்தார்கள். டீக்கடை, சாப்பாட்டு வண்டி, சத்தம் எல்லாம் பின்னாலேயே வந்தன. கூகுள் நிலம் வாங்கியது 2013-இல். பழைய கட்டடத்துக்குள் முதலில் மனிதர்கள் புழங்கினார்கள், அப்புறம்தான் புதியது எழும்பியது. நம் ஊரில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. டவர் முதலில் வரும். பழையது கடைசி வரை தகரம் அடித்துக் கிடந்து, ஒரு மழைக்காலத்தில் கூரை விழும்.

மீனாள், கானாடுகாத்தான்: அக்கா, எங்கள் வீடு நூறு வருஷத்துக்கு மேல் பழையது. கொத்தனார் சிமெண்ட் பூசலாம் என்கிறார். லண்டனில் பழைய சுவரை எப்படிச் சரி செய்கிறார்கள்?

வேண்டாம் ஆச்சி. தயவு செய்து சிமெண்ட் வேண்டாம்.

பழைய செங்கல் மென்மையானது. அதற்கு நடுவே இருக்கும் சுண்ணாம்புக் காரை அதைவிட மென்மை. மழைத் தண்ணீரும் தரையிலிருந்து ஏறும் ஈரமும் அந்தக் காரை வழியாகத்தான் வெளியே போகும். சிமெண்டை வைத்து அடைத்தால் ஈரத்துக்கு வழி இல்லை, செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். இங்கே குளிர் நாட்டில் அந்தத் தண்ணீர் செங்கலுக்குள் உறைந்து, செங்கலின் முகத்தையே பிய்த்துப் போட்டுவிடும். உங்கள் ஊரில் பனி உறையாது, அதற்குப் பதிலாக உப்பு பூத்துப் பொரிந்து விழும். நோய் ஒன்றுதான்.

நான் வேலை பார்த்த ஒரு பழைய பஞ்சுக் கிடங்கில், முன்பு வந்த ஒப்பந்தக்காரர் முழுச் சுவரையும் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார். முப்பது வருஷம்கூட ஆகவில்லை. சிமெண்ட் கோடுகள் மட்டும் தேன்கூட்டுச் சுவர் மாதிரி துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் இருந்த செங்கல் அரை அங்குலம் உள்ளே தேய்ந்துபோயிருந்தது. விரலால் தடவினால் மாவாக உதிர்ந்தது. அன்று சாரத்தில் நின்று அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் தாத்தா வீட்டு முகப்புதான் ஞாபகம் வந்தது.

கிங்ஸ் கிராஸ் போன்ற இடங்களில் கரி படிந்த செங்கலைக்கூட முழுக்க வெளுப்பாக்குவதில்லை. அழுக்கு என்று நாம் நினைப்பது அந்தச் சுவரின் வயது. கெடுதல் செய்யாத கறையை விட்டுவிட்டு, உடைந்ததை மட்டும் மாற்றி, சுண்ணாம்புக் காரையால் இணைப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: சுண்ணாம்பைச் சில வாரமாவது தண்ணீரில் ஊறப்போட்டு, அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். கடுக்காயும் வெல்லமும் போட்டுக் கலவை பிடித்த கை உங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பிளாஸ்டிக் பெயிண்டையும் தவிர்த்துவிடுங்கள். அதுவும் சுவரின் மூச்சை அடைக்கும். எங்கே ஈரம் ஏறுகிறது என்று முதலில் பார்த்து, முற்றத்துத் தண்ணீர் போகும் கால்வாயைச் சுத்தம் செய்யுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அருண்குமார், திருச்சி: சிவில் இன்ஜினியர். 170 வருடக் கட்டடம் இன்றைய ஆள் பாரத்தைத் தாங்குமா? எதை நம்பி அனுமதி கொடுக்கிறார்கள்?

பாரத்தைப் பொறுத்தவரை களஞ்சியமும் கிடங்கும் நமக்கு வரம். கோதுமை மூட்டை அடுக்கத் தாங்கின தளத்துக்கு மேசை, நாற்காலி, மனிதர்கள் ஒரு பொருட்டே இல்லை. தலைவலி வேறு இடத்தில். தீ பிடித்தால் வெளியேற படிக்கட்டு, லிஃப்ட், குழாய்கள் போக வழி, நடுப்பகுதிக்கு வெளிச்சம்.

அப்புறம் வார்ப்பிரும்புத் தூண். நேராக அழுத்தினால் நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் வளைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். எஃகு மாதிரி நினைத்து வெல்டிங் வைத்துவிடாதீர்கள். உள்ளே வெற்றாக வார்த்த தூணாக இருந்தால், வார்க்கும்போது உள்அச்சு நகர்ந்து ஒரு பக்கம் தடியாகவும் எதிர்ப்பக்கம் மெல்லியதாகவும் ஆகியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சின்னத் துளை போட்டு மூன்று நான்கு பக்கம் தடிமனை அளந்த பிறகுதான் நான் கணக்கே தொடங்குவேன். ஒரு தூணில் ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் பாதிதான் இருந்தது. அந்தத் தூண் அதுவரை ஒரு குறையும் இல்லாமல் நின்றிருந்தது. ஆனாலும் அதன் மேல் புது மாடி ஏற்ற நான் கையெழுத்துப் போடவில்லை.

ஷாலினி, சிங்கப்பூர்: வட்ட இரும்புச் சட்டத்துக்குள் அடுக்குமாடி வீடு இருக்கிறதே, அது என்ன?

எரிவாயுத் தொட்டிகளின் சட்டம். நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவைச் சேர்த்து வைக்க ஒரு பெரிய இரும்புக் குடத்தைத் தண்ணீரில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வாயு நிறைந்தால் குடம் மேலே எழும், செலவானால் கீழே இறங்கும். அது சாயாமல் நேராக ஏறி இறங்கச் சுற்றிலும் நிறுத்திய வழிகாட்டிச் சட்டம்தான் நீங்கள் பார்ப்பது. குடம் போய்விட்டது, சட்டம் மிஞ்சியது.

2000-த்தில் இவற்றின் பயன்பாட்டை நிறுத்திவிட்டு, ரயில் பாதைக்காகக் கழற்றி எடுத்தார்கள். துண்டு துண்டாக யார்க்ஷயருக்குக் கொண்டுபோய்ச் சீர்செய்து, திரும்ப கால்வாயின் வடகரையில் நிறுத்தினார்கள். முன்பு தென்பக்கம் இருந்தவை. மூன்று வட்டங்கள் ஒன்றோடொன்று தூண்களைப் பகிர்ந்துகொண்டு ஒட்டிப் பிறந்தவை போல நிற்கும். அவற்றுக்குள் வில்கின்சன் ஐர் என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பில் 145 வீடுகள். மூன்று கோபுரமும் மூன்று உயரம், வாயு ஏறி இறங்கியதை நினைவுபடுத்த. அந்த எண்ணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான்காவது சட்டத்துக்குள் வீடு கட்டவில்லை, புல் தரை போட்டுப் பூங்காவாக விட்டார்கள். 2015-இல் திறந்தது. வெயில் நாளில் குழந்தைகள் உருண்டு விளையாடுவார்கள்.

பெயர் வேண்டாம் என்றவர், மதுரை: புதுக் கட்டடத்தையும் பழைய பாணியிலேயே கட்டினால் பொருத்தமாக இருக்காதா?

இருக்காது. போலித் தூணும் போலி வளைவும் வைத்தால் எது உண்மையில் பழையது என்றே தெரியாமல் போகும். உயரம், தெரு அகலம், செங்கல் நிறம் இவற்றில் பழையதை மதித்தால் போதும். ஸ்டான்லி பில்டிங் என்ற 1860-களின் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று அங்கே தப்பித்தது. அதை ஒட்டியே புது அலுவலகத்தைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். எது எந்தக் காலத்தது என்று யாரும் சொல்லாமலே தெரியும். அப்படித் தெரிவதுதான் மரியாதை.

தர்ஷினி, ஹாரோ, லண்டன்: அக்கா, நீங்கள் நல்லதையே சொல்லுறீங்கள். அங்கே முன்பு இருந்த சனம் எங்கே போனது? அந்தக் கடைகளில் எங்களால் ஒரு கோப்பிக்கு மேல் வாங்க ஏலாது.

சரியான கேள்வி தங்கச்சி. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பாதிதான்.

ஸ்டான்லி பில்டிங் தப்பித்தது என்றேன். அதன் பக்கத்தில் இருந்த கல்ராஸ் பில்டிங்ஸ் தப்பிக்கவில்லை, 2008-இல் இடித்தார்கள். அதுவும் தொழிலாளர் குடியிருப்புதான். நிலக்கரிக் கிடங்கு வளைவுகளுக்குள் நடந்த நடன விடுதிகளும் போய்விட்டன. மலிவான வாடகையில் இயங்கின பட்டறைகளும் போயின. இந்தத் திட்டத்தை எதிர்த்து உள்ளூர்வாசிகளின் குழு 2007-இல் நீதிமன்றம் போனது, தோற்றது. குறைந்த வாடகை வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கக் கட்டுபவர்கள் 2015-இல் கேட்டார்கள், நகராட்சியும் சம்மதித்தது. எனக்கு அது மனசு ஆறவில்லை. நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் கொடுத்த வாக்கைக் குறைத்தது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அடுத்தது தெரு. சதுக்கமும் பூங்காவும் எல்லாரும் நடக்கலாம், உட்காரலாம். ஆனால் நடத்துவது தனியார் நிர்வாகம். 2019-இல் ஒரு செய்தி வெளியாகி எல்லோரும் அதிர்ந்தோம். 2016 முதல் 2018 வரை அங்கே முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள் இயங்கியிருக்கின்றன, நடந்துபோன யாருக்கும் தெரியாது. பெரிய எதிர்ப்பு வந்த பிறகு, இனி அப்படிச் செய்யும் எண்ணமில்லை என்றார்கள். தெரு யாருடையது என்ற கேள்வியைத் திட்ட வரைபடம் போடும் நாளிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் கெஞ்சுவது போலத்தான் இருக்கும்.

அதே நேரம் இதையும் சொல்கிறேன். கோடையில் சதுக்கத்து நீரூற்றில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட துளைகளிலிருந்து தண்ணீர் பீச்சும்போது, பக்கத்து நகராட்சிக் குடியிருப்புப் பிள்ளைகள் வந்து நனைகிறார்கள். அம்மாமார் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து கால்வாய்ப் படிகளில் உட்காருகிறார்கள். காசு கொடுக்காமல் நாள் முழுக்க இருக்கலாம். அந்தப் படிகள் உங்களுக்கும் உரியவை. வாருங்கள்.

கார்த்திக், பெங்களூரு: கோல் டிராப்ஸ் யார்டின் கூரை பழைய கட்டடத்தைக் கெடுத்துவிட்டது என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். உங்கள் கருத்து?

கோல் டிராப்ஸ் யார்ட் என்பது கிங்ஸ் கிராஸிலேயே இருக்கும் நீளமான இரண்டு நிலக்கரிக் கிடங்குகள். மேல் தளத்தில் ரயில் பெட்டி நிற்கும், அடித்தட்டைத் திறந்தால் கரி கீழே தொட்டியில் விழும், அங்கிருந்து வண்டியில் ஏறும். 1985-இல் தீ பிடித்து ஒரு பகுதி போனது. 2018-இல் வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக் வடிவமைப்பில் கடைத்தெருவாகத் திறந்தார்கள். இரண்டு கூரையையும் இழுத்து வளைத்து நடுவில் தொட வைத்திருக்கிறார். உங்கள் பேராசிரியரோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். தூரத்தில் இருந்த இரண்டு கட்டடம் ஒரு முற்றமானது அந்தக் கூரையால்தான். எனக்குக் குறையாகப் படுவது உள்ளே வைத்த கடைகள். விலை அதிகம், தினசரித் தேவைக்கு எதுவும் இல்லை. வளைவுகளில் பாதியில் செருப்புத் தைப்பவரும் சைக்கிள் பழுது பார்ப்பவரும் இருந்திருந்தால் அந்த முற்றம் காலையிலேயே கலகலப்பாக இருந்திருக்கும்.

நிரோஷன், கொழும்பு: எங்கட கோட்டைப் பகுதியில் பழைய டச்சு ஆஸ்பத்திரியும் இப்படித்தானே அக்கா?

ஓம் தம்பி, 2011-இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தார்கள். உள்முற்றத்தையும் தாழ்வாரத்தையும் அப்படியே வைத்ததால் நடக்கச் சுகமாக இருக்கிறது. வித்தியாசம் அளவில். அது ஒரு கட்டடம், பக்கத்தில் இருக்கும் கோபுரங்களோடு ஒரே கணக்கில் எழுந்ததல்ல. உணவகத்தை மட்டும் நம்பினால் ஊருக்கு ஆள் வராத வருஷத்தில் கட்டடமும் பட்டினி கிடக்கும். கல்லூரி, அலுவலகம், வீடு என்று கலந்திருந்தால் ஒன்று படுத்தாலும் இன்னொன்று தாங்கும்.

கவிதா, பெரம்பூர், சென்னை: பின்னி மில் எங்கள் வீட்டுக்குப் பக்கம். அப்பா அங்கே வேலை பார்த்தவர். மில் 1996-இல் மூடியது. இப்போது அங்கே டவர்கள். இனிமேல் சென்னையில் மிச்சமிருக்கும் கட்டடங்களுக்காவது என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் எழுத முடியவில்லை அக்கா. மில் சங்கு ஊதினால் வியாசர்பாடி வரை மணி தெரியும் என்று அங்கே வளர்ந்த தோழி சொல்லியிருக்கிறாள்.

சென்னையிலும் நடக்காமல் இல்லை. அண்ணா சாலையில் 1897-ஆம் வருடத்து பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். இடிப்பதை நிறுத்துவது ஒரு வேலை, உள்ளே ஆள் குடிவைப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்யாமல் விட்டால், இடிக்க வேண்டியதை மழை இடித்துவிடும். ஆலஞ்செடியின் வேர் ஒரு சுவருக்குள் போக ஐந்து வருஷம் போதும்.

நீங்கள் கேட்டதால் நடைமுறையாகச் சொல்கிறேன். உங்கள் பகுதியில் மிச்சமிருக்கும் பழைய பட்டறை, பள்ளி, கிடங்கு, ஒன்றுவிடாமல் போட்டோ எடுத்து, யாருடையது, இப்போது என்ன நடக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கூரை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள், அதுதான் முதலில் போகும். கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றவும், செடியைப் பிடுங்கவும், மழைக் குழாயைச் சரி செய்யவும் உடைமைக்காரரைச் சம்மதிக்க வையுங்கள். பெரிய செலவில்லை, பத்து வருஷம் ஆயுள் கூடும். அந்தப் பத்து வருஷத்தில் ஒரு கல்லூரியோ நூலகமோ தையல் கூடமோ உள்ளே வர வழி தேடலாம். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எந்தக் கூடத்தில் எந்த இயந்திரம் நின்றது என்று கேட்டு வரைந்து வையுங்கள். கிரானரி சதுக்கத்தில் பழைய தண்டவாளத் தடங்களையும் ரயில் பெட்டியைத் திருப்பும் வட்டத் தகடு இருந்த இடத்தையும் தரையிலேயே காட்டியிருக்கிறார்கள். அவை எங்கே இருந்தன என்று யாரோ குறித்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

பிரவீன் திரும்பவும்: அக்கா, அடுத்த வருடம் லண்டன் வருகிறேன். ஒரே ஒரு இடம் பார்க்கச் சொன்னால்?

கிரானரிக்குள் போ தம்பி. கல்லூரி வரவேற்புக் கூடம் வரை யாரும் போகலாம். உள்ளே நுழைந்து நிமிர்ந்து பார்த்தால் களஞ்சியத்தின் பழைய பின்சுவர் முழு உயரத்துக்கு நிற்கும், இப்போது அது கண்ணாடிக் கூரைக்குக் கீழே உள்சுவராகிவிட்டது. வெளியே வெயில் மழையில் நின்ற கறுப்பு அப்படியே இருக்கிறது. அதன் அடியில் ஒரு மாணவி உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருப்பதை நான் போன வாரம் பார்த்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் கூட்டமாக இருக்கும். அந்த நேரத்திலேயே போ.